லாஜிக் ப்ரோவின் பவுன்ஸ் சாளரத்தில் டிதர்: எப்போது தேர்வது, எப்போது தொடாமல் விடுவது

ஆப்பிள் நிறுவனத்தின் லாஜிக் ப்ரோ என்ற இசைப்பதிவு மென்பொருளில் ஒரு பாடலை முடித்துக் கோப்பாக வெளியே எடுக்கும்போது பவுன்ஸ் சாளரம் திறக்கிறது. அதில் கோப்பு வகை, பிட் அளவு (ஒலியின் உயரத்தைக் குறிக்கும் எண்ணின் நீளம்), சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எண்ணாக்குவது) ஆகியவற்றோடு டிதரிங் என்ற ஒரு சிறு பட்டியலும் இருக்கிறது. கோப்பாக எழுதும் முன் ஒலியோடு மிக மெல்லிய தற்செயல் இரைச்சலைச் சேர்ப்பதுதான் டிதர். டிதர் வேண்டாம் என்பதையும் சேர்த்து அதில் ஐந்து தெரிவுகள்: பவ்-ஆர் என்ற பெயரில் மூன்று, யு.வி.22 எச்.ஆர். என்ற பெயரில் ஒன்று, எதுவும் இல்லாதது ஒன்று. இந்த மென்பொருளின் வாத்தியக் களஞ்சியத்தைப் பற்றியும், வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்கும் வேலைக்கு (மாஸ்டரிங்) உதவ 2023ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மாஸ்டரிங் அசிஸ்டென்ட் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. என்னிடம் வேலை கற்க வருகிற இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதோ இந்த ஐந்து வரிப் பட்டியலைப் பற்றித்தான். தனி வாத்தியப் பதிவுகளையும் பாட்டுப் பதிவுகளையும் பல ஆண்டுகளாக இந்தச் சாளரத்தின் வழியாகவே வெளியே எடுத்து வருகிறவன் என்ற முறையில், அதை மட்டும் தனியாக எடுத்து மதிப்பிட விரும்புகிறேன். டிதர் நிற்க வேண்டிய இடத்தில் அதை மிகச் சரியாக நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும், அது எப்போது தேவை என்பதைப் பயனரிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பதும் என் முடிவு.

இந்தப் பட்டியலை நான் கவனித்துப் பார்க்கத் தொடங்கியது ஒரு வீணைப் பதிவுக்குப் பிறகுதான். முதிய வைணிகர் ஒருவரின் ராக ஆலாபனையைத் தம்பூராவோடு பதிவு செய்து, சி.டி.க்காக 16 பிட் கோப்பாக எடுத்துக் கொடுத்திருந்தேன். ஒலியை அழுத்தி உரத்ததாக்காமல், வாசித்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும்படி விட்டிருந்தேன். கடைசி மீட்டலுக்குப் பின் தம்பூரா மட்டும் இருபது விநாடிகளில் மெல்ல அடங்குமாறு ஃபேட் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் அழைத்தார். “எல்லாம் நன்றாக வந்திருக்கிறது தம்பி. ராத்திரி ஹெட்போனில் கேட்டேன். நாதம் அடங்குகிற இடத்தில் மட்டும் யாரோ மணலைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறதே, அது என்ன?” என்றார். என் ஸ்பீக்கர்களில் வழக்கமான அளவில் வைத்துக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹெட்போனில் ஒலியை நன்றாக உயர்த்திக் கேட்டபோதுதான் அவர் சொன்னது விளங்கியது. தம்பூராவின் நாதம் வழவழப்பாகக் கரையாமல் சொரசொரப்பாக உடைந்து, ஒரு கட்டத்தில் வெட்டி எடுத்ததுபோல நின்றது. பவுன்ஸ் எடுத்த திட்டத்தைத் திறந்து பார்த்தேன்; பட்டியலில் டிதர் இல்லை என்ற தெரிவே இருந்தது.

ஏன் அப்படி நேர்ந்தது என்பது புரிந்தால் எப்போது டிதர் வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 16 பிட் கோப்பில் ஒலியின் அளவைக் குறிக்க மொத்தம் 65,536 படிகள் இருக்கின்றன. லாஜிக்கின் உள்ளே கணக்கு நடப்பது மிதவைப் புள்ளி (ஃப்ளோட்) எண்களில், அதாவது புள்ளி தேவைக்கேற்ப இடம் நகரும் எண்களில். அங்கே படி என்று கவலைப்பட வேண்டிய எதுவும் இல்லை. கோப்பாக எழுதும்போதுதான் ஒவ்வொரு சாம்பிளும் (ஒலியின் ஒவ்வோர் அளவீடும்) அருகிலுள்ள ஒரு படியில் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறது. உரத்த ஒலியில் இந்தத் திருத்தத்தால் வரும் பிழை எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடக்கும். அதனால் அது மெல்லிய இரைச்சலாக மட்டுமே இருக்கும். ஒலி அடங்கி ஒன்றிரண்டு படிகளின் உயரத்துக்கு வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. அப்போது பிழை அந்த ஒலியையே பின்தொடர்கிறது. ஒலியைப் பின்தொடரும் பிழை இரைச்சல் அன்று, விகாரம். சுருதிக்குச் சம்பந்தமில்லாத புதிய அதிர்வெண்களை அது உண்டாக்குகிறது. வைணிகர் கேட்ட மணல் அதுதான்.

இதை எவரும் பத்து நிமிடத்தில் தம் காதாலேயே சோதித்துப் பார்க்கலாம். லாஜிக்கில் அதற்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. டெஸ்ட் ஆசிலேட்டரில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பி, முழு அளவுக்குக் கீழே 90 டெசிபலுக்கு இறக்கி, டிதர் இல்லாமல் 16 பிட்டில் பவுன்ஸ் எடுத்து, அந்தக் கோப்பை மீண்டும் திட்டத்துக்குள் கொண்டு வாருங்கள். ஸ்பீக்கரின் ஒலியை முதலில் குறைத்துவிட்டு, ஒலியின் அளவைக் கூட்டும் கெயின் பிளக்-இன்களை (மென்பொருளுக்குள் செருகும் துணைக் கருவிகளை) ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி 60 டெசிபல் உயர்த்துங்கள். 16 பிட்டில் ஒரு படியின் உயரம் முழு அளவுக்குக் கீழே சுமார் 90.3 டெசிபல் என்பதால், வழுவழுப்பாக இருந்த அலை இரண்டு மூன்று படிகளே கொண்ட மாடிப்படி வடிவமாகிவிட்டிருக்கும். புல்லாங்குழல் போன்ற தூய ஒலி மலிவான அலாரக் கடிகாரத்தின் குரலாகக் கேட்கும். அடுத்து அதே ஒலியை 100 டெசிபல் கீழே வைத்து எடுத்துப் பாருங்கள். இப்போது அலையின் உயரம் ஒரு படியில் மூன்றில் ஒரு பங்குதான். படிக்குத் திருத்தும் விதத்தைப் பொறுத்து அது ஒன்று அடியோடு மறைந்துபோகும் அல்லது முரட்டுச் சதுர அலையாக மாறும்.

இப்போது பவ்-ஆர் 1 தெரிவோடு அதே 100 டெசிபல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மெல்லிய, சீரான ஒரு சீறலுக்கு அடியில் அந்த 1,000 ஹெர்ட்ஸ் ஒலி தூய்மையாகவும் தெளிவாகவும் கேட்கும். ஒரு படியில் மூன்றில் ஒரு பங்கு உயரமே கொண்ட ஒலி, படிகளுக்கு இடையில் ஒன்றுமே இல்லாத கோப்பில் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை முதல் முறை கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. எழுதுவதற்கு முன் ஒவ்வொரு சாம்பிளோடும் ஒரு சிறு தற்செயல் எண்ணைச் சேர்ப்பதால், அலை மேலே இருக்கும் தருணங்களில் சாம்பிள் மேல் படியில் விழும் வாய்ப்பு கூடுகிறது, கீழே இருக்கும் தருணங்களில் குறைகிறது. தனித்தனிச் சாம்பிளில் இல்லாத அலை அவற்றின் சராசரியில் இருக்கிறது. அந்தச் சீறலின் மொத்த அளவு ஒலியைவிட அதிகம்தான். ஆனாலும் ஒரு சுருதியைப் பற்றிக் கேட்கும்போது காது அதைச் சுற்றியுள்ள குறுகிய அதிர்வெண் பட்டையை மட்டுமே கவனிக்கிறது. அந்தப் பட்டைக்குள் விழும் இரைச்சல் மிகக் குறைவு.

டிதர் என்பது பிழையை மூடி மறைக்கும் இரைச்சல் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தைத்தான் முதலில் களைய வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜான் வாண்டர்கூயும் ஸ்டான்லி லிப்ஷிட்ஸும் 1980களில் தொடங்கிச் செய்த ஆய்வுகள் இதைக் கணிதமாகவே நிறுவின. முக்கோணப் பரவலில், உச்சத்திலிருந்து உச்சத்துக்கு இரண்டு படி அகலம் உள்ள தற்செயல் எண்களைச் சேர்த்தால், பிழையின் சராசரியும் அதன் ஆற்றலும் ஒலியைப் பொறுத்து மாறுவது முற்றிலும் நின்றுவிடுகிறது. விகாரம் மறைக்கப்படுவதில்லை, உண்டாவதே இல்லை. இதற்கு நாம் கொடுக்கும் விலை, இரைச்சலின் ஆற்றல் மூன்று மடங்காவது, அதாவது 4.77 டெசிபல் கூடுவது. உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் நடுவே 98.1 டெசிபல் என்று சொல்லப்படும் 16 பிட்டின் இடைவெளி 93.3 டெசிபலாகக் குறைகிறது. வீணையின் அடங்கும் நாதத்துக்காக அந்த விலையை நான் தயங்காமல் கொடுப்பேன்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. எந்தப் பதிவிலும் மைக், ப்ரீஆம்ப், அறை ஆகியவற்றின் இரைச்சல் ஏற்கெனவே இருக்கிறதே, அது 16 பிட்டின் கடைசிப் படியைவிடப் பெரியதாயிற்றே, அதுவே டிதரின் வேலையைச் செய்யாதா என்று அனுபவமுள்ள பொறியாளர்களே கேட்கிறார்கள். செய்யும், பாடல் ஓடிக்கொண்டிருக்கும்வரை பெரும்பாலும் செய்யும். ஆனால் ஃபேட் வைத்தால் இசை குறையும் அதே அளவுக்கு அந்த இயற்கையான இரைச்சலும் குறைகிறது. எந்த இடத்தில் கடைசிப் படி முக்கியமாகிறதோ, மிகச் சரியாக அந்த இடத்தில் இயற்கையான பாதுகாப்பு விலகிவிடுகிறது. என் வீணைப் பதிவில் நேர்ந்தது இதுதான். அறையின் இரைச்சல் அதில் தாராளமாக இருந்தும், கடைசி ஐந்தாறு விநாடிகளில் அதனால் பயன் இல்லாமல் போயிற்று. கணினிக்குள்ளேயே உண்டாக்கப்படும் ரிவெர்பின் (செயற்கை எதிரொலியின்) வாலுக்கும் இதே நிலைதான். அதில் இயற்கையான இரைச்சல் தொடக்கத்திலிருந்தே கிடையாது.

இனி பட்டியலுக்கு வருகிறேன். பவ்-ஆர் என்பது சுவிட்சர்லாந்தின் வைஸ் இன்ஜினியரிங் உட்படச் சில ஒலித்துறை நிறுவனங்கள் கூடி உருவாக்கிய முறை. ஆங்கிலத்தில் ஆற்றலைக் குறிக்கும் ‘பவர்’ போலவே உச்சரிக்க வேண்டும். லாஜிக்கில் மட்டுமன்றி ப்ரோ டூல்ஸ், ஏபிள்டன் லைவ் என்ற மற்ற இசை மென்பொருள்களிலும் இதே மூன்று வகைகள் இருக்கின்றன. லாஜிக்கின் பட்டியலில் முதல் வகைக்கு டிதரிங் என்றும் மற்ற இரண்டுக்கும் நாய்ஸ் ஷேப்பிங் என்றும் குறிப்பு இருக்கிறது. இரைச்சலின் வடிவத்தை மாற்றுவது என்றால், காது கூர்மையாக உள்ள பகுதியிலிருந்து அதை எடுத்து, காது மந்தமாக உள்ள மேல் அதிர்வெண்களில் கொண்டுபோய்க் குவிப்பது. ஆப்பிளின் கையேடு இரண்டாம் வகை பரந்த அதிர்வெண் எல்லையில் 5 முதல் 10 டெசிபல்வரை இடைவெளியைக் கூட்டும் என்றும், மூன்றாம் வகை 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ்வரையுள்ள பகுதியில் 20 டெசிபல்வரை கூட்டும் என்றும் சொல்கிறது.

இந்த 20 டெசிபல் இலவசமாக வருவதில்லை. ஓரிடத்தில் இரைச்சலைக் குறைத்தால் வேறிடத்தில் அது கூடியே ஆக வேண்டும் என்பதையும், கூடுவது குறைவதைவிட அதிகமாகவே இருக்கும் என்பதையும் மைக்கேல் கெர்சனும் பீட்டர் கிரேவனும் 1989இல் காட்டினார்கள். மூன்றாம் வகையில் எடுத்த கோப்பின் மௌனப் பகுதியை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தால், நடுவில் ஆழமான பள்ளமும் மேல் கோடியில் செங்குத்தான குன்றும் தெரியும். அந்தக் குன்று காதில் படாதவரை எல்லாம் நலம். அந்தக் கோப்பை யாராவது மீண்டும் திறந்து ஈக்யூவில் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) மேல் அதிர்வெண்களை உயர்த்தினாலோ, ஒலியை ஏற்றினாலோ, இன்னொரு முறை இதே வகையில் 16 பிட்டுக்கு எழுதினாலோ குன்று வளரத் தொடங்குகிறது. ஆகவே மூன்றாம் வகையை, அதற்குப் பின் எவரும் கை வைக்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த கோப்புக்கு மட்டுமே தேர்வு செய்ய வேண்டும்.

ப்ரோ டூல்ஸின் கையேடு இந்த மூன்று வகைகளையும் இசையின் அடர்த்தியைப் பொறுத்துப் பிரிக்கிறது: தனி வாத்தியம் போன்ற எளிய பதிவுக்கு முதலாவது, அதைவிடச் சிக்கலான ஸ்டீரியோ இசைக்கு இரண்டாவது, முழு அகலமும் நிறைந்த பெரிய கலவைகளுக்கு மூன்றாவது. என் அனுபவம் இதோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை. அடர்ந்த, உரத்த கலவையில் எந்த வகையைப் போட்டாலும் வேறுபாடு தெரிய வாய்ப்பு மிகக் குறைவு; தனி வீணை, தனிக் குரல், கோயில் மண்டபத்தில் எடுத்த நாகசுரம் போன்ற, மௌனம் மிகுந்த பதிவுகளில்தான் இரைச்சலின் தன்மை காதில் படுகிறது. அவற்றில் முதல் வகையின் சீறல் பழைய டேப்பின் சீறலைப் போலச் சமமாக இருப்பதால் மனம் அதை அறையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் வகை அளவில் குறைவாகத் தோன்றினாலும் மெல்லிய கூர்மையோடு இருக்கிறது. இளைய காதுகளுக்கு அந்தக் கூர்மை என்னைவிட நன்றாகத் தெரியும். தனி வாத்தியத்துக்கு முதல் வகை என்ற பரிந்துரையை ஏற்கிறேன். ஆனால் பெரிய கலவைக்கு மூன்றாவதைத் தேட வேண்டிய அவசியத்தை நான் காணவில்லை. இரண்டாம் வகையை நான் அநேகமாகத் தொடுவதே இல்லை.

யு.வி.22 எச்.ஆர். அமெரிக்காவின் அப்போஜி நிறுவனத்துடையது. கேட்கும் எல்லையின் விளிம்பில், 22,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஆற்றலை வைப்பது அதன் வழி. 1990களில் சி.டி. மாஸ்டரிங் செய்த பலர் இதன் மேல் பெரும் பற்று வைத்திருந்தார்கள். நன்றாகவே இருக்கிறது; பவ்-ஆர் 1 இருக்கும்போது இதற்கு மாற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இந்தச் சாளரத்தில் நான் மிகவும் மதிப்பது டிதர் நிற்கும் இடத்தை. ஒலியின் உச்சம் எல்லை மீறாமல் தடுக்கும் பல லிமிட்டர் பிளக்-இன்களின் உள்ளேயே டிதர் தரப்படுகிறது. அவற்றை எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் ஸ்டீரியோ அவுட் சேனலின் கடைசி இடத்தில் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் லாஜிக்கில் அந்தச் சேனலின் ஒலி அளவை மாற்றும் ஃபேடர் பிளக்-இன்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஃபேடரை அரை டெசிபல் நகர்த்தினாலும், அதில் வால்யூம் ஆட்டோமேஷனாக ஃபேட் எழுதியிருந்தாலும், பிளக்-இன் 16 பிட்டின் படிகளில் கவனமாக வைத்த சாம்பிள்கள் எல்லாம் படிகளுக்கு நடுவே நகர்ந்துவிடுகின்றன. கோப்பாக எழுதும்போது அவை டிதர் இல்லாமல் மீண்டும் வெட்டப்படுகின்றன. ஃபேட் இருக்கும் இடத்தில்தான் டிதர் மிகத் தேவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் கேடு புரியும். பவுன்ஸ் சாளரத்தின் டிதருக்குப் பின்னால் ஃபேடர் இல்லை, பிளக்-இன் இல்லை, எதையும் வைக்க வழியும் இல்லை. பிட் குறையும் வாசலிலேயே அது நிற்கிறது. லிமிட்டரில் உள்ள டிதரை அணைத்துவிட்டு இதை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதே என்னிடம் கேட்கிற எல்லாரிடமும் நான் சொல்வது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பேரழிவு ஒன்றும் நேராது. தேவையில்லாத இரைச்சல் ஒரு மடங்கு கூடும், அவ்வளவே.

இதே ஏற்பாட்டால் வரும் குறை, டிதரை முன்கூட்டியே கேட்க முடியாது என்பது. ஒவ்வொரு வகையையும் ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொன்றாகப் பவுன்ஸ் எடுத்து, திரும்பக் கொண்டு வந்து, உயர்த்திக் கேட்க வேண்டும். ஐசோடோப் நிறுவனத்தின் ஓசோன் என்ற மாஸ்டரிங் மென்பொருளின் டிதர் பகுதியில் அளவைக் கூட்டிக் குறைத்து உடனுக்குடன் கேட்கலாம். பாடல் முழு மௌனமாகும்போது டிதரைத் தானே நிறுத்தும் வசதியும் அதில் உண்டு. லாஜிக்கின் பவுன்ஸ் சாளரத்தில் இருப்பது ஒரே ஒரு பட்டியல்தான். அளவை மாற்றவோ மௌனத்தில் நிறுத்தவோ அதில் பொத்தான் கிடையாது. பாடல்களுக்கு இடையே முழு மௌனம் வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளர்களுக்காக நான் அந்த இடைவெளியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதைவிட எனக்கு வருத்தம் தருவது பெயர்கள். பவ்-ஆர் 1, 2, 3 என்று எண் போட்டால், எண் கூடக் கூடத் தரமும் கூடும் என்றுதான் புதிதாக வருகிறவர் நினைப்பார். மூன்றாவதை எடுத்து, அந்தக் கோப்பை மாஸ்டரிங்குக்கு எனக்கு அனுப்பிவைத்த கலவைப் பொறியாளர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

எப்போது தேர்வது என்ற கேள்விக்கு நேரடியாக வருகிறேன். கலவையை முடித்து இன்னொருவருக்கு மாஸ்டரிங்குக்கு அனுப்புகிறீர்கள் என்றால் 32 பிட் ஃப்ளோட் கோப்பாக, டிதர் இல்லாமல் எடுங்கள். அதில் பிட் குறைவதாகவே கொள்ள வேண்டியதில்லை. படிகள் ஒலியின் அளவுக்கு ஏற்பத் தாமே சுருங்குவதால், அடங்கும் நாதத்துக்கும் உரத்த பல்லவிக்குக் கிடைக்கும் அதே நுணுக்கம் கிடைக்கிறது. பெறுகிறவர் 24 பிட் கேட்டால் பவ்-ஆர் 1 போடலாம், போடாமலும் விடலாம். 24 பிட்டில் கடைசிப் படி முழு அளவுக்குக் கீழே சுமார் 138 டெசிபலில் இருக்கிறது. ஒலியின் மின்னலையை எண்களாகவும் எண்களை மின்னலையாகவும் மாற்றும் மிகச் சிறந்த கன்வெர்ட்டர்களின் சொந்த இரைச்சலே அதைவிட உயரமானது. கணிதப்படி அங்கும் டிதர்தான் சரி. அதனால் இறுதியாக வெளியாகும் 24 பிட் கோப்புகளுக்கு நான் முதல் வகையைப் போடுகிறேன். மறந்துவிட்டேன் என்பதற்காக ஒரு கோப்பை ஒருபோதும் மீண்டும் எடுத்ததில்லை.

ஸ்ட்ரீமிங்குக்குப் போகிற கோப்பை 16 பிட்டாகக் குறைத்துக் கொடுக்கும் பழக்கத்தை இன்னும் பலர் விடவில்லை. விட வேண்டும். ஆப்பிள் டிஜிட்டல் மாஸ்டர்ஸ் திட்டம் 24 பிட் கோப்பையே கேட்கிறது. அங்கே சாம்பிள் ரேட்டை மாற்றும்போதும் மிதவைப் புள்ளிக் கோப்பாகவே வைத்து, நடுவில் டிதர் சேர்க்க வேண்டிய தேவை இல்லாமல் ஏ.ஏ.சி. என்ற ஒலிச் சுருக்கக் குறியாக்கத்துக்கு அனுப்புகிறார்கள். 2021 முதல் ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ் (தரவு எதையும் இழக்காத) ஒலியும் வருவதால், நாம் கொடுத்த 24 பிட் கேட்பவரின் வீடுவரை போகவும் வழி இருக்கிறது. எம்.பி.3 போன்ற கோப்புகளுக்குக் குறிப்பிட்ட பிட் அளவே கிடையாது. அந்த முறையில் ஒலி சுருக்கப்படும்போது வரும் பிழைகள் 16 பிட்டின் இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியவை. மிதவைப் புள்ளியிலிருந்தோ 24 பிட்டிலிருந்தோ நேராக எம்.பி.3 எடுக்கலாம். 16 பிட்டுக்கு இறக்கிவிட்டுப் பிறகு எம்.பி.3 ஆக்குவதில் லாபம் ஏதுமில்லை.

ஆக, இந்தப் பட்டியல் உண்மையிலேயே முக்கியமாகும் இடம் 16 பிட் கோப்புதான்: சி.டி., 16 பிட்டே ஏற்கும் சில ஒலிபரப்புத் தேவைகள், சில ஆவணக் காப்பகங்கள். இங்கே டிதர் இல்லாமல் எடுப்பதற்கு ஒரு காரணமும் கிடையாது. ஒரே விதிவிலக்கு, ஏற்கெனவே 16 பிட்டாக இருக்கும் கோப்பை எதுவும் செய்யாமல் அப்படியே எடுப்பது. அளவை ஒரு புள்ளிகூட மாற்றாமல், ஃபேட் வைக்காமல், சாம்பிள் ரேட்டைத் தொடாமல் வெட்டி ஒட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் டிதர் வேண்டாம். அதில் ஒரேயொரு ஃபேட் வைத்துவிட்டாலும் டிதர் வேண்டும். 16 பிட் கோப்பிலிருந்து 16 பிட் கோப்பு எடுக்கிறோம், பிட் குறையவில்லையே என்று இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். ஃபேடின் பெருக்கல் நடந்த கணமே எண்கள் 16 பிட்டைத் தாண்டி நீண்டுவிடுகின்றன. திரும்ப எழுதும்போது அவை வெட்டப்படுகின்றன.

சாம்பிள் ரேட்டை மாற்ற வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் டிதர். நான் 96,000 ஹெர்ட்ஸில் செய்த திட்டத்தை முதலில் அதே வேகத்தில் 32 பிட் ஃப்ளோட்டாக எடுத்து, 44,100 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, அதை ஒரு புதிய திட்டத்தில் வைத்து, ஃபேட்களையும் அங்கேயே வைத்து, பிறகு 16 பிட்டுக்குப் பவுன்ஸ் எடுக்கிறேன். ஒரே சாளரத்தில் எல்லாவற்றையும் தேர்ந்து ஒரே மூச்சில் எடுக்கவும் முடியும். சாம்பிள் ரேட் மாறியபின் உச்சங்கள் சற்று இடம் மாறியிருக்கும் என்பதால், நடுவில் ஒருமுறை கேட்டுப் பார்க்கவே இப்படிப் பிரித்துச் செய்கிறேன். அதே சாளரத்தில் உள்ள, உச்சத்தைத் தானே எல்லைவரை ஏற்றும் நார்மலைஸ் தெரிவை அணைத்துவிடுங்கள். ஒலியின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள். அந்த முடிவை லிமிட்டரில் எடுத்துவிடுவது நல்லது. டிதர் சேர்ப்பதால் உச்சம் எல்லை மீறுமோ என்று அஞ்ச வேண்டாம். லிமிட்டரின் உச்சவரம்பை முழு அளவுக்கு 0.1 டெசிபல் கீழே வைத்தாலே 16 பிட்டில் சுமார் 375 படிகள் மீதமிருக்கும். எந்த டிதருக்கும் அது தாராளம்.

லாஜிக் ப்ரோவுக்கு ஐபேட் பதிப்பும் உண்டு; நான் பேசுவது மேக் பதிப்பைப் பற்றி. அதன் அமெரிக்க விலை 199.99 டாலர். டிதருக்காக மட்டும் யாரும் இதை வாங்கப் போவதில்லை, வாங்கவும் வேண்டாம். ரீப்பர் போன்ற விலை குறைந்த மென்பொருளின் ரெண்டர் சாளரத்திலும் டிதர், நாய்ஸ் ஷேப்பிங் இரண்டுக்கும் டிக் செய்யும் கட்டங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே லாஜிக்கில் வேலை செய்கிறவர்கள், 16 பிட் டிதருக்கென்று தனியாக ஒரு பிளக்-இன் வாங்க நினைத்தால், அதற்கு முன் இந்தப் பட்டியலின் முதல் வகையை ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கட்டும். அடுத்த பதிப்பில் ஆப்பிள் செய்ய வேண்டியதாக நான் விரும்புவது ஒன்றே ஒன்று: 16 பிட்டைத் தேர்ந்தவர் டிதர் இல்லாமல் பொத்தானை அழுத்தினால், சாளரம் ஒரு வரியில் அதை நினைவூட்ட வேண்டும்.

அந்த வீணைப் பதிவை அன்று மாலையே பவ்-ஆர் 1 தெரிவோடு மறுபடி எடுத்தேன். முன்பு கேட்ட அதே ஹெட்போனில், அதே அளவுக்கு உயர்த்தி, கடைசி இருபது விநாடிகளை மட்டும் நான்கைந்து முறை கேட்டேன். தம்பூராவின் பஞ்சமம் முதலில் மங்குகிறது. பிறகு சாரணையும் மந்தரமும் ஒன்றோடொன்று கலந்து, அறையின் மூச்சைப் போன்ற ஒரு மெல்லிய சீறலுக்குள் இறங்கி, எந்த இடத்தில் முடிந்தது என்று சுட்டிக்காட்ட முடியாதபடி போய்விடுகிறது. வைணிகருக்கு இரண்டு கோப்புகளையும் எது எது என்று சொல்லாமல் அனுப்பினேன். மறுநாள் காலை அழைத்து, இரண்டாவதைச் சி.டி.க்குக் கொடுக்கச் சொன்னார். அது டிதர் சேர்த்த கோப்பு. அன்றிலிருந்து என் ஒவ்வொரு 16 பிட் கோப்பின் பெயரிலும் எந்த வகை டிதர் போட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.